புறப்பட்ட மாப்பிள்ளையை நில் என்று சொல்லலாமா?

பரவை,
18-6-2004

மேலூர் நெல் வியாபாரம் உயர்திரு வெள்ளைத்துரை சம்பந்தி அவர்களுக்கு (நேற்று நீங்கள் ஃபோனை வைத்த வேகத்தைப் பார்த்தால் இந்த வார்த்தையை இனி எழுதலாமோ கூடாதோ தெரியவில்லை, தாம்பூலம் மாற்றிய பழக்கத்தில் எழுதிவிட்டேன்) சோணைமுத்து கைகூப்பி எழுதிக்கொள்வது. அங்கு தாங்களும் தங்கச்சியும் சௌக்கியமாக இருக்க அழகர் துணை. இங்கு நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. பொய் எழுத மனம் வரவில்லை. மூன்று நாளாக வீட்டில் அடுப்பு எரிவதே அபூர்வமாக இருக்கிறது.

‘எம் மகன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீரேய்யா, ஆவணிக் கல்யாணமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்’ என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நீங்கள் சொன்னதில் பாதி உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அது எப்படி நடந்தது என்பதை முழுக்கக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

விமானம் நின்ற இடத்திலிருந்து ஓடுபாதை வரைக்கும் தரையில் ஊர்ந்து போகிறதே, அந்த நேரத்தில் கோபுரத்தில் உட்கார்ந்து ரேடியோவில் போ, நில், திரும்பு என்று சொல்வதுதான் இருபத்தாறு வருடமாக என் பிழைப்பு. அதில் மரியாதை கிரியாதை எதுவும் கிடையாது. நான் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், விளங்காவிட்டால் மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். இத்தனை வருடத்தில் என்னால் ஒரு விமானம் தடம் மாறியதில்லை. வைகாசியில் நிச்சயம் முடிந்தது, அன்றைக்குப் பிடித்தது சனி. ‘இங்கேருங்க, நீங்க பாட்டுக்கு மாப்பிள்ளையவும் மத்த ஆளுக மாதிரி அதட்டிப்புடாதீங்க. பொறப்படுற மனுசனப் போயி நில்லுன்னு சொன்னா வெளங்குமா?’ என்று என் வீட்டுக்காரி ஜெயக்கொடி தினமும் சாப்பாட்டு டப்பாவோடு இதையும் கட்டிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை சென்னை விமானத்தில் நம் மாப்பிள்ளை அழகுராஜாதான் துணை விமானி. ரேடியோ அவர் பொறுப்பு, ஓட்டியவர் ஒரு வடக்கத்திக் கேப்டன். போகும் வழியில் ஓரிடத்தில் கேபிள் போடத் தோண்டி, முந்தின நாள்தான் மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். அதற்கு முன்னால் விமானத்தை நிறுத்தி வேறு வழியில் திருப்ப வேண்டும். ‘ஹோல்ட்’ என்று ஒரே ஒரு வார்த்தை போதும். மைக்கை எடுத்தேன், ‘குட்மார்னிங் டவர்’ என்று மாப்பிள்ளை குரல் வந்தது, நான் எழுந்து நின்றுவிட்டேன் சம்பந்தி. அத்தனை உயரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவனை அவர் பார்க்கப்போவதில்லை என்று தெரியும், ஆனாலும் உட்கார முடியவில்லை. நில் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ‘மாப்பிள்ளைக்கு அவசரமில்லை, முன்னால் கொஞ்சம் சரியில்லை, தங்களுக்கு எப்படித் தோதுப்படுகிறதோ அப்படி’ என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவைத்தேன்.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, அன்று மத்தியானம் அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். விளங்கவில்லை என்றால் கேட்க வேண்டியதுதானே? மாமனாரை இரண்டாம் தரம் சொல்லவைப்பது மரியாதை இல்லையாம். உங்கள் வளர்ப்பு அப்படி, யாரைக் குற்றம் சொல்ல? ‘சரிங்க மாமா’ என்றார். ரேடியோவில், தமிழில். என்ன சொல்கிறார்கள் என்று கேப்டன் கேட்டதற்கு, போகச் சொல்கிறார்கள் என்றிருக்கிறார். போனார்கள். நான் மேலே இருந்து பார்த்துக்கொண்டே நிற்கிறேன், முன்சக்கரம் அந்தப் புதுமண்ணில் முழங்கால் ஆழத்துக்கு இறங்குகிறது, அப்போதும் என் வாயில் வந்தது ‘பாத்து மாப்ள’ என்பது மட்டும்தான்.

நாற்பத்தொரு பயணிகளையும் ஏணி வைத்து இறக்கினார்கள். யாருக்கும் கீறல்கூட இல்லை, அழகர் காப்பாற்றினார். நான் கோபுரத்திலிருந்து இறங்கி ஓடினேன். பயணிகளில் எழுமலைக்காரர் ஒருவர் என்னிடமே வந்து, ‘அண்ணே, பஸ்ஸுன்னா எறங்கித் தள்ளிவிட்டுப்புடலாம், இத எங்குட்டுப் பிடிச்சுத் தள்ள?’ என்று கேட்டார். விசாரணை முடியும்வரை மாப்பிள்ளை பறக்கக் கூடாது என்று உத்தரவு. என்னை ரேடியோ பக்கமே அண்டவிடாமல் பழைய ஃபைல்கள் இருக்கும் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாங்கள் பேசியதெல்லாம் டேப்பில் பதிவாகியிருக்கிறது. மூன்று பெரிய அதிகாரிகள் அதைப் போட்டுக் கேட்டார்கள். ‘தங்களுக்கு எப்படித் தோதோ’ என்ற இடம் வந்ததும் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். அந்தக் குழியை மூடும்போது என்னையும் சேர்த்துப் போட்டு மூடியிருக்கலாம், அவ்வளவு அவமானம்.

என் வேலை போனாலும் போகட்டும், ரோகிணி கல்யாணம் நிற்கக் கூடாது. ஒரே மகள், உங்கள் வீட்டுப் பிள்ளையைத்தான் மனதில் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நடந்தது அத்தனையும் என் தப்பு என்று விசாரணையில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், மாப்பிள்ளை பேரில் தூசி படாது. சொன்ன சொல்லை மட்டும் மாற்றிவிடாதீர்கள். தங்கச்சிக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், வாங்கிக்கொள்வார் என்றால்.

தங்கள் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்,
ப. சோணைமுத்து

பின்குறிப்பு: கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி ரோகிணியிடம் கொடுத்தேன். அவள் ஒட்டாமல் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டாள். படித்துவிட்டு என் எதிரில் வந்து, ‘புரியலைன்னு ஒரு வார்த்த கேக்க மரியாத பாத்தவரு அவரு, நில்லுன்னு ஒரு வார்த்த சொல்ல மரியாத பாத்தவரு நீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எம்புட்டு நாளுப்பா குடும்பம் நடத்துறது? எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். பொண்ணு பாத்த அன்னைக்கே வேணாம்னுதான் இருந்தேன்’ என்றாள். ‘அன்னைக்கே ஏந்தாயி சொல்லல?’ என்றேன். ‘நீங்க கேக்கவே இல்லையேப்பா’ என்றாள்.

முன்பின் தெரியாத விமானிகளிடமெல்லாம் புரிந்ததா, புரிந்ததா என்று கேட்டு வாங்கியவன், பெற்ற பெண் தலை குனிந்து நின்றதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நாள் குறித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. ஆகவே மேலே கெஞ்சியதெல்லாம் ரத்து. நீங்கள் ஃபோனில் சொன்னபடியே கல்யாணத்தை நிறுத்திவிடுவோம். அழகுராஜாத் தம்பி காரணம் கேட்டால் ரோகிணி வேண்டாம் என்றாள் என்று சொல்லுங்கள், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், மரியாதையாக இருக்காது.