செனட்டர் ஐயா, அந்த மசோதாவைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்

மாண்புமிகு செனட்டர் அவர்களுக்கு,

நெப்ராஸ்கா சோளக்காட்டிலிருந்து லோவெல் ட்வோராசெக் பணிவுடன் எழுதுவது. இங்கு மழை உண்டு, நான் நலம். தாங்களும் தங்கள் பதவியும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

கருவுக்குச் சேதமில்லாமல் ஸ்டெம் செல் எடுக்கும் ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் கொடுக்கச் சொல்லித் தாங்கள் கொண்டுவந்திருக்கும் மசோதா பற்றித்தான் இந்தக் கடிதம். என் மனைவி ஆர்டித்துக்குப் பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்க ஆரம்பித்ததும், ஸ்டெம் செல் ஆராய்ச்சி வேண்டும் என்று வாசல் புல்வெளியில் ஒரு பலகை நட்டாள். எதிர்வீட்டில் இருக்கும் அவள் தங்கை லவோன், கருவும் உயிர்தான் என்று மறுநாளே பதிலுக்கு ஒரு பலகை நட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம் சர்ச்சில்கூட ஆளுக்கொரு மூலை. உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பொற்காலம், ஐயா. அக்காள் என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்ள லவோன் என்னைக் கூப்பிட்டுப் பன்றி வறுவல் போடுவாள், தங்கை என்ன சொன்னாள் என்று கேட்க ஆர்டித் பழ ரொட்டி சுடுவாள், நான் சாலையைக் குறுக்கே கடந்து இரண்டு வேளை விருந்து சாப்பிட்டேன்.

ஆராய்ச்சியும் நடக்கும், கருவும் பிழைக்கும் என்று தங்கள் மசோதாவைப் பற்றி வானொலியில் சொன்னார்கள். இரண்டு பலகையும் ஒரே நாளில் கீழே வந்தன. லவோன் ஓடிவந்து அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். அழுது முடித்து, "மச்சான், இனிமே நான் இங்கதான். அக்காவுக்கு ஒத்தாசையா இருப்பேன்" என்று பெட்டியோடு வந்துவிட்டாள். என் சாய்வு நாற்காலி போயிற்று. சனிக்கிழமை கால்பந்தாட்டம் போயிற்று. "பன்னிக்கறியா? கொலஸ்ட்ரால் தெரியுமா மச்சான்?" என்கிறாள் தங்கை; "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறாள் அக்காள். அது மட்டுமா, மசோதாவுக்கு ஆதரவாகப் பேச இருவரும் என் பிக்அப் வண்டியிலேயே வாஷிங்டன் வரப்போகிறார்களாம். முன்சீட்டில் நடுவில் நான் உட்கார வேண்டுமாம், லவோன் ஓட்டுவாளாம். அவள் ஓட்டி நீங்கள் பார்த்ததில்லை.

ஆகவே தயவுசெய்து மசோதாவைக் குழுவில் ஒரு வருடம் கிடப்பில் போடுங்கள். யாரும் கேட்காமலே தாங்கள் எல்லாரும் செய்கிற காரியம்தானே அது, இப்போது ஒரு வாக்காளன் வாய்விட்டே கேட்கிறேன்.

தங்களுக்கும் வீட்டாருக்கும் கடவுள் நீண்ட ஆயுளும் நல்ல விளைச்சலும் தரட்டும்.

இப்படிக்கு,
லோவெல் ட்வோராசெக்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று காலை சர்ச்சுக்குப் பூசைக்குக் கிளம்பினோம். ஆர்டித்துக்குச் சட்டைப் பொத்தானைப் பிடிக்க முடியவில்லை. நான் எழுவதற்குள் லவோன் போய்க் குனிந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். "ஆடாம நில்லுக்கா" என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்டித் அவளைப் பார்த்து, "முடிஞ்சா நிக்க மாட்டேனாடி?" என்றாள். இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள், பூசைக்கு நேரமாகிவிட்டது. என் மனைவி அப்படிச் சிரித்து இரண்டு வருடம் ஆகிறது, ஐயா. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நான் நடுவிலேயே உட்கார்ந்து வருகிறேன். மசோதாவை நிறைவேற்றுங்கள், சீக்கிரம் நிறைவேற்றுங்கள். ஆர்டித்துக்கு இதுவரை இடது கை மட்டும்தான் நடுங்கிக்கொண்டிருந்தது. இப்போது வலது கையும் ஆரம்பித்திருக்கிறது.