மெட்டில்டாவின் நேரப் படிவம்

தேயிலைத் தரக் கண்காணிப்பாளர் தொழிற்சான்றுத் தேர்வில் நேரம் போதவில்லை என்று போன வருஷம் மலை முழுக்க ஒரே புலம்பல். நூறு கேள்வி, இரண்டே மணி நேரம். மாண்பமை தேர்வு வாரியம் இதைப் பரிவுடன் பரிசீலித்தது. கேள்வியைக் குறைக்கலாமா? தரம் கெட்டுவிடும். நேரத்தைக் கூட்டலாமா? மரபு கெட்டுவிடும். ஆகவே, தேர்வர்களுக்கு நேரத்தை நிர்வகிக்கத் தெரியவில்லை என்று ஏகமனதாகக் கண்டறிந்து, கோயம்புத்தூரிலிருந்து அஸ்வந்த் என்ற நேர மேலாண்மை வல்லுநரை வரவழைத்தது.

மெட்டில்டா, குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பேக்டரியில் கண்காணிப்பாளர் வேலையைப் பதினொரு வருஷமாகத் 'தற்காலிகமாக'ப் பார்க்கிறவள். அரைத்த இலை பதத்துக்கு வந்துவிட்டதா என்று வாசனையிலேயே சொல்லிவிடுவாள். "அதெல்லாம் சரிங்க மெட்டில்டா, சர்டிபிகேட் எங்கே?" என்று கேட்டுவிட்டார் மேனேஜர். இந்தத் தடவை பாஸாகாவிட்டால் மறுபடியும் இலை பறிக்கத்தான் போகவேண்டும். நாற்பத்தெட்டு வயசில் அந்தச் சரிவில் ஏற முழங்கால் கேட்குமா?

தேர்வன்று கேள்வித்தாள் நாலு பக்கம் வந்தது. கூடவே நேரப் படிவம் என்று இருபத்தாறு பக்கம் வந்தது.

"ஒரு கேள்விக்கு எழுபத்திரண்டு விநாடி. தொடங்கிய நேரம், முடித்த நேரம், தாமதத்துக்கான காரணம், கையொப்பம்" என்றார் அஸ்வந்த்.

"ஏனுங்க சார், இதை நிரப்புற நேரம் எதுல சேருங்க?" என்றாள் மெட்டில்டா.

"நல்ல கேள்வி. அதற்குப் பின்னிணைப்பு ஒன்று இருக்கிறது."

"அதை நிரப்புற நேரமுங்க?"

"பின்னிணைப்பு இரண்டு."

பக்கத்து பெஞ்சில், குன்னூரை அடுத்த வெலிங்டன்காரப் பெண் கெஸியா. "அக்கா, அந்தக் கருமத்தை ஓரமாத் தள்ளிட்டுப் பதிலை எழுதுங்க" என்று கிசுகிசுத்தாள். மெட்டில்டாவுக்கு மனசு வரவில்லை. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அங்கே முதுகொடியப் பறித்தாலும் எடை அட்டையில் ஏறாத இலை, பறிக்காத இலைதான்.

முதல் கேள்வி, வாட்டிய இலையில் ஈரம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பதிலுக்கு ஐந்து விநாடி. படிவத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம். தாமதத்துக்கான காரணம்: 'படிவம்' என்று எழுதினாள்.

அஸ்வந்த் பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். "படிவம் என்பது அங்கீகரிக்கப்பட்ட காரணம் இல்லையே அம்மா. மலைப்பகுதிக்கென்று சளி, மூடுபனி, மண்சரிவு, காட்டெருமை என நான்கு காரணங்களை அனுமதித்திருக்கிறோம்."

"காட்டெருமை எங்கீங்க வந்துச்சு?"

"வரவில்லை என்றால் அதற்குத் தனியாக விளக்கம் எழுதவேண்டும்."

காட்டெருமை என்றே எழுதினாள். இரண்டு மணி நேரம் முடிந்தபோது, ஒன்பது கேள்வி, ஒன்பது காட்டெருமை. கெஸியா நூறையும் எழுதி முடித்துக் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் மெட்டில்டா வாய்விட்டே அழுதாள். "அத்தனையும் தெரிஞ்சும் எழுத முடியலையே கர்த்தாவே! பாழாப்போன படிவம்!"

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. விடைத்தாள்களைத் திருத்த வாரியத்துக்கு நேரம் போதவில்லையாம். ஆகவே நேரப் படிவங்களை மட்டும் திருத்தியிருந்தார்கள். மெட்டில்டா மாவட்டத்திலேயே முதலாவது. கெஸியா பெயில்.

மேனேஜர் சால்வை போர்த்தி வேலையை நிரந்தரமாக்கினார். முதல் இரண்டு நாள் மெட்டில்டாவுக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் சர்ச்சில் பாராட்டினார்கள். நாலாம் நாள், நேரத்தை நிர்வகிக்கும் திறமை தனக்கு நிஜமாகவே இருக்கிறதோ என்று தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு சும்மா இருக்க முடியுமா?

இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மெட்டில்டா அக்காவின் நேர மேலாண்மைப் பயிற்சி வகுப்பு. டீச்சர்கள், கிளார்க்குகள், ராணுவ ஆபீஸ்காரர்கள் என்று அறுபது பேர் சேர்ந்திருக்கிறோம். இடம் கிடைப்பதே பெரும்பாடு. முதல் பெஞ்சில் கெஸியா.

போன வாரம் அவள்தான் எழுந்து கேட்டாள். "அக்கா, கேள்விக்குப் பதிலெல்லாம் எப்பச் சொல்லித் தருவீங்க?"

மெட்டில்டா மூக்குக்கண்ணாடியை இறக்கி, அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அதுக்கெல்லாம் நேரம் ஏது கண்ணு?"

அறுபது பேரும் அதை நோட்டில் குறித்துக்கொண்டோம்.