லேபிளுக்குள் ஒரு பிஸ்கட்

ஒட்டிப் பார்த்ததில் லேபிள் மட்டும்தான் தெரிந்தது. பிஸ்கட்டைக் காணோம்.

"என்னடி இது, சுண்டெலிக்கு யானைச் சட்டை மாட்டின மாதிரி!" என்றாள் பிஸ்கட்டம்மா. தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். அவள், அடுப்பைக் கவனிக்கும் கணவர், கல்லாவில் உட்காரும் மகள், ஆக மூன்றே பேர் நடத்தும் சின்னக் கடை. விற்பது ஒரே சரக்கு, சோள பிஸ்கட்.

"நான் என்னம்மா பண்றது? எழுத்து இதைவிடச் சின்னதா இருக்கக் கூடாதாம்," என்றாள் மகள்.

'இதில் மரபணு மாற்றப்பட்ட சோளம் சேர்ந்துள்ளது.' புதுச் சட்டம். மாவு வியாபாரிதான் வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தார். "ஒரே ஒரு பொட்டலம் லேபிள் இல்லாம மாட்டினாலும் கடைக்குப் பூட்டுதான்!"

இருபது வருஷக் கடை. பிஸ்கட்டம்மா அன்றைக்கே மகளை லேபிள் அடித்துவர அனுப்பிவிட்டாள்.

"பொட்டலத்தைப் பெருசாக்கிட்டாப் போச்சு," என்றார் கணவர்.

பெரிதாக்கினார்கள். பொட்டலத்துக்கு இரண்டு பிஸ்கட் போய் இருபது ஆனது. அடுக்கவும் மடிக்கவும் ஒட்டவும் கை போதவில்லை. கொழுந்தனையும் ஓரகத்தியையும் சம்பளம் பேசி அழைத்துவந்தாள்.

"அண்ணி, லேபிள் கோணலாப் போகுது."

"கோணலாப் போனா போகட்டும் தம்பி, ஒட்டாமப் போகக் கூடாது!"

ஒட்டி முடித்ததும் அடுத்த பூதம் கிளம்பியது. வாடிக்கைக்காரர்கள் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"மரபணுன்னா என்னம்மா? காரமா இருக்குமா?" என்றார் எதிர்க்கடைத் தையல்காரர்.

அவளுக்கே தெரியாது. ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் ஒருவரைச் சம்பளத்துக்குப் பிடித்து, வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

"கேக்கறவங்களுக்கு ரெண்டே வார்த்தை சொல்லுங்க சார், போதும்."

ஆயுசு முழுக்கத் தூங்கி வழியும் வகுப்பையே பார்த்த மனிதர். நின்று கேட்க ஆள் கிடைத்தால் விடுவாரா? உயிரணுவிலிருந்து ஆரம்பித்தார். பிஸ்கட் வாங்க வந்தவர்கள் பிஸ்கட்டை மறந்துவிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். வரிசை தெருமுனையைத் தாண்டியது. அதை ஒழுங்குபடுத்தத் தன் தம்பியை வேலைக்கு வைத்தாள்.

"இதைத் தின்னா நாமளும் மாறிடுவோமா சார்?" வரிசையின் நடுவிலிருந்து ஒருவர் கேட்டார்.

"சேச்சே! குரங்கு படம் போட்ட சட்டையை மாட்டினா வால் முளைக்குமா? அந்த மாதிரிதான்!"

அந்தப் பதில் வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் 'வால் முளைக்கும்' என்பது மட்டுமே மிஞ்சியது.

"தொலைஞ்சோம்!" பிஸ்கட்டம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இனிமே ஈ காக்கா வராது."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் படையே வந்து இறங்கியது.

"ஆன்ட்டி, எத்தனை தின்னா முளைக்கும்?"

"முளைக்கவே முளைக்காதுடா கண்ணு!"

"பரவாயில்ல, பத்து பாக்கெட் குடுங்க. முயற்சி பண்ணிப் பாக்கறோம்."

பிள்ளைகளைத் தேடிப் பெற்றோர் வந்தார்கள். சண்டை போட வந்தவர்கள் சந்தேகத்துக்கு ஒன்றைக் கடித்துப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் வரிசையில் நின்றார்கள். மாவு பிசைய இரண்டு பேர், அடுப்புக்குத் துணையாக நாத்தனார் வீட்டுக்காரர் என்று ஆள் சேர்ந்துகொண்டே போனது. கடை கல்யாண வீடு மாதிரி களைகட்டியது. கணவர் அடுப்படியில் பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

அந்தக் கலகலப்பின் நடுவில்தான் உணவுத்துறை அதிகாரியம்மா உள்ளே வந்தார். பாட்டு நின்றது. அவர் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அளவுகோலை எடுத்து எழுத்தை அளந்தார். பிஸ்கட்டம்மா இல்லாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டாள்.

"இவ்வளவு ஒழுங்கா லேபிள் ஒட்டின கடையை நான் பார்த்ததே இல்லம்மா," என்றார் அதிகாரியம்மா.

போன உயிர் திரும்பியது. மகள் தட்டு நிறைய பிஸ்கட்டை நீட்டினாள். அதிகாரியம்மா ஒன்றை எடுத்துக்கொண்டே குறிப்பேட்டைத் திறந்தார்.

"மொத்தம் எத்தனை பேர் வேலை பாக்கறீங்க?"

"பத்து பேர் மேடம்!" பிஸ்கட்டம்மா நெஞ்சை நிமிர்த்தினாள். "லேபிள் ஒட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூணே பேர்தான்."

அதிகாரியம்மாவின் கையிலிருந்த பிஸ்கட் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"அட, பத்து பேருக்குக் குறைவா இருக்கற கடைக்கு இந்தச் சட்டமே கிடையாதேம்மா! லேபிள் ஒட்டறதுக்கு ஆள் சேர்த்தீங்க பாருங்க, அதனாலதான் இப்ப நீங்க லேபிள் ஒட்டியாகணும்!"