யாரும் ஒன்றும் கேட்காத கடை

ஜங்லிகாட், போர்ட் பிளேர்
ஆகஸ்ட் 1974

மரியாதைக்குரிய மச்சான் ராஜமாணிக்கம் அவர்களுக்கு, கடலைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் தங்கை புருஷன் ஜம்புலிங்கம் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் மரகதமும் நலம். விருதுநகரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் மிளகாய் வத்தல் மண்டியும் நலமாயிருக்க முருகன் அருள் புரியட்டும். இங்கே மழை விடுவேனா என்கிறது; வேட்டி காய மாட்டேன் என்கிறது.

தெப்பக்குளத்துப் பக்கம் வீடு பார்க்கச் சொல்லியிருந்தேனே, அதை உடனே பேசி முடியுங்கள். வேலையை விடுவதென்று தீர்மானித்துவிட்டேன். ஹெட் கிளார்க் உத்தியோகமும் பென்ஷனும் போனால் போகட்டும். உங்கள் மண்டியில் ஒரு மூலையில் மேஜை போட்டுக் கொடுங்கள். தும்மிக்கொண்டே கணக்கெழுதிக் காலத்தை ஓட்டிவிடுவேன். மரகதத்திடம் இன்னும் சொல்லவில்லை. வீடு அமைந்த பிறகு சொல்லி அசத்தலாமென்று இருக்கிறேன்.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்கள் தங்கைக்கு இந்த ஊர் ஒட்டவேயில்லை. அக்கம்பக்கத்தில் வங்காளி, தெலுங்கர், மலையாளி. எல்லாருக்கும் பொதுவாக இந்தி. இவளுக்கோ இந்தியென்றால் வாயில் பூட்டு. நான் ஆபீஸ் விட்டு வரும்வரை சுவரோடுதான் பேச்சு. மதராஸ் கப்பல் புறப்படுகிற அன்றைக்கெல்லாம் குடையை எடுத்துக்கொண்டு கப்பல் கட்டுகிற சாத்தம் ஜெட்டிக்குப் போய்விடுவாள். வழியனுப்ப அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? யாருமில்லை. கப்பல் கண்ணுக்கு மறைகிறவரை நின்றுவிட்டு வந்துதான் உலை வைப்பாள். அன்றைக்குச் சோறு குழைந்துவிடும். நானும் அதையே பிசைந்து சாப்பிட்டு எழுந்திருப்பேன். மனசு கேட்கவில்லை மச்சான்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. அபர்தீன் பஜாரில் நம் ஜெய்னுதீன் பாய் மளிகைக்கு எதிரே ‘நீலக்கடல் ஸ்டோர்’ என்று ஒன்றைத் திறந்திருக்கிறான்கள். பாய் கடையென்றால் நான் படியேறும்போதே, “வாங்க சார், அம்மா சுகந்தானா? பருப்பு நேத்துத்தான் இறங்குச்சு” என்பார். ரெண்டு பருப்பை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, ஒரு பிடி கடலையைக் கொறித்து, கப்பல் சமாசாரம் பேசி, அப்புறம்தான் சாமான். அது கடை! இந்தப் புதுக் கடைக்குள் போய் நின்றேன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். ஒருத்தனாவது ‘என்ன வேணும்’ என்று கேட்க வேண்டுமே! வாசலில் காசு வாங்குகிறவனிடம் போய், “ஏம்ப்பா, ஆள் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?” என்றால், “செல்ஃப் சர்வீஸ் சாப்! ஆப் குத் லே லீஜியே” என்கிறான். நானே எடுத்துக்கொள்ள வேண்டுமாம்! கேட்காமல் எடுக்க நான் என்ன திருடனா?

சரி, தொலையட்டும் என்று துவரம்பருப்பை எடுத்தேன். அதைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயை ஒட்டி வைத்திருக்கிறான்கள். கடித்துப் பார்க்காமல் பருப்பு வாங்குகிற வழக்கம் நமக்கு உண்டா? பல்லால் ஒரு மூலையை லேசாகத்தான் கிழித்தேன். பை நெடுக்கக் கிழிந்து, பருப்பு அத்தனையும் தரையில் கொட்டி, அதில் ஒரு பஞ்சாபி மிலிட்டரிக்காரர் காலை வைத்து வழுக்கி, டின் அடுக்கைப் பிடிக்க, டின் அடுக்கு என்மேல் சரிய, அந்த நேரம் பார்த்து என் ஆபீஸர் சம்சாரத்தோடு உள்ளே வருகிறார். கொட்டின பருப்பைக் குனிந்து பொறுக்கினேன் மச்சான், ஹெட் கிளார்க்!

அத்தோடு அந்தக் கடையைத் தலைமுழுகியிருப்பேன். ஆனால் கப்பல் தாமதமாகி, பாய் கடையில் பால்பவுடர் தீர்ந்துபோச்சு. எதிர்க்கடையிலோ ஆளுக்கு ஒரு டின்தான் என்று போர்டு. ரெண்டு ஆள் போனால் ரெண்டு டின் ஆச்சே என்று உங்க தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போனேன் பாருங்க, அதுதான் நான் செஞ்ச முட்டாள்தனம். அவள் இந்த ஊரில் கடைப்படி ஏறினதே கிடையாது. பாய் கடையில் ஆம்பளைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கத்திக் கேட்க அவளுக்குக் கூச்சம். நான்தான் எல்லாம் வாங்கிப் போடுவது. இங்கேயும் என்னை மாதிரியே தயங்கி நின்னா. யாரும் ஒண்ணும் கேக்கல. காதோரமா, “என்னங்க, இங்க நம்மள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?”ன்னா. “கேக்க மாட்டான், திமிர் பிடிச்ச பய”ன்னேன். “நல்லதாப் போச்சுங்க”ன்னா!

அதுலேர்ந்து பிடிச்சுது சனி. தினம் சாயங்காலம் அங்கே போகணும். சோப்பை எடுக்கிறா, மோந்து பாக்கிறா, வைக்கிறா. அடுத்த சோப்பை எடுக்கிறா. கம்பிக்கூடையைத் தூக்கிக்கிட்டுப் பின்னால நான்! “என்ன வாங்கினே?”ன்னா, “ஒண்ணும் வாங்கலீங்க, சும்மா பாத்தேன்”கிறா. ஒருநாள் கடுகெண்ணெய் டின்னை மோந்துட்டு இவ அடுக்கடுக்காத் தும்ம, பக்கத்துல நின்ன மொண்டல் வீட்டம்மா, திக்லிபூர்லேர்ந்து மாத்தலாகி வந்த வங்காளிக் குடும்பம், வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்க, இவளும் சிரிக்க, இப்ப ரெண்டு பேரும் தோஸ்த். விளைவு என்ன? நேத்து நம்ம வீட்டு மீன் கடுகெண்ணெயில் பொரிஞ்சுது! மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, “ஜல்தி சாப்பிடுங்க”ன்னு இந்தியில என்னை அதட்டுறா. விருதுநகர்ப் பொண்ணு! பாய் வேற, “அம்மா இப்ப எதிர்க்கடையாமே சார்”னு குரலைத் தாழ்த்தி விசாரிக்கிறார். பஜாரில் என்னால் தலைகாட்ட முடியலை.

ஆகவே, இந்தத் தீவு இனி நமக்குச் சரிப்படாது. நாளைக் கப்பலில் மதராஸுக்கு வருகிற ஆபீஸ் நண்பர் பாலசுப்பிரமணியம் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வீட்டை முடித்துத் தந்தி அடியுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, மிளகாய்ப் பக்கம் வராத உத்தியோகத்துக்குப் போக என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த
ஜம்புலிங்கம்

பின்குறிப்பு: மச்சான், இந்தக் கடிதம் அந்தக் கப்பலில் வரவில்லை. ஜெட்டிக்குப் போனேன். மரகதம் வழக்கமாக நிற்கிற இடத்தில் அவள் இல்லை. கூட்டமெல்லாம் தேடிவிட்டேன். சங்கு ஊதி, ஏணியை எடுத்துவிட்டார்கள். ஒருவேளை ஏறிட்டாளோ என்று மேல்தட்டில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சொல்லாமல் போகிறவளா? இத்தனை வருஷம் வாய்விட்டு ஒன்றும் கேட்காதவள், போறேன் என்று மட்டும் சொல்லவா போகிறாள்? கடிதம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. பாலசுப்பிரமணியம் மேலேயிருந்து கையாட்டுகிறார். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன். வீடு பூட்டிக் கிடக்கிறது. பஜாருக்கு ஓடினால் ஜெய்னுதீன் பாய், “ஏன் சார் இப்படி மூச்சு வாங்குது? எதிர்க்கடையில பாருங்க” என்கிறார்.

சோப்பு அடுக்குக்கு இந்தப் பக்கம் மரகதம், அந்தப் பக்கம் மொண்டல் வீட்டம்மா. எந்தச் சோப்பு மணம் என்று பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் சண்டை. பக்கத்தில் போய் நின்றேன். “மரகதம், கப்பல் போயிடுச்சு” என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்து, “எந்தக் கப்பலுங்க?” என்று கேட்டாள்.

வீடு பார்க்க வேண்டாம் மச்சான். பார்த்ததாக அவளுக்குத் தெரியவும் வேண்டாம். அடுத்த கப்பலில் யாராவது வந்தால் ஓர் இடியாப்ப உரல் கொடுத்தனுப்புங்கள். மொண்டல் வீட்டம்மா கேட்கிறார்களாம்.