சத்தியப் பிரமாணம் செய்த மாப்பிள்ளை

கூடாது என்று எழுதிவைக்கப்படாத எதையும் செய்யலாம் என்பது இளமையில் என் கொள்கை. இப்படியொரு கொள்கை உடையவன் வீட்டோடு இருந்துவிட்டால் உலகுக்குத் தீங்கில்லை. நானோ இரவல் கேமரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நுழைந்தேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டில் பேசிய தமிழில் பாதி மலையாளம். அந்தக் களங்கத்தைத் துடைக்கும் பொறுப்பு என்னுடையது என்று நானே தீர்மானித்திருந்ததால், அம்மாவிடம்கூடத் "தேநீர் கிடைக்குமா?" என்றுதான் கேட்பேன். ("சாயா வேணும்னா சாயான்னு கேளு. இல்லேன்னா பட்டினி கெட" என்பது அம்மாவின் நிலையான பதில்.) பிழைப்புக்கு வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர் வேலை. அதை வெளியில் சொல்வதில்லை. வெளியில் நான் சென்னை வார இதழ் ஒன்றின் கொச்சி நிருபர். அதுவரை அச்சேறிய என் செய்திகள் இரண்டு: கொச்சியில் மழை பெய்தது என்பது ஒன்று, நின்றது என்பது மற்றொன்று.

இந்நிலையில்தான் கிளி வழக்கு வந்தது. கயிற்று வியாபாரி ஒருவர், அண்டை வீட்டுக்காரர் தம் கிளிக்கு "எடா கள்ளா!" என்று கற்றுக்கொடுத்துத் தம்மைக் காணும்போதெல்லாம் திருடன் என்று ஏசவைக்கிறார் எனப் புகார் செய்திருந்தார். தம் கிளிக்கு ராமநாமம் தவிர வேறொன்றும் தெரியாது என்றார் அண்டை வீட்டுக்காரர். கிளியையே கூண்டோடு கொண்டுவரும்படி மாஜிஸ்திரேட்டு உத்தரவிட்டார். மாஜிஸ்திரேட்டும் கிளியும் ஒரே படத்தில் வருமானால் அட்டையிலேயே போடுவதாக இதழாசிரியர் எழுதினார். அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்பதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

விசாரணை நாளன்று மாலை நான்கு மணிக்கு எனக்கு இன்னொரு பணி இருந்தது. சேர்லாயில் பெண் பார்க்கப் போகவேண்டும். தரகர் கிச்சாமி காலையிலேயே வந்து, விலாசம் எழுதிய சீட்டைத் தம் கையாலேயே என் சட்டைப் பையில் செருகினார்.

"பொண்ணோட அப்பாவுக்குச் சர்க்கார் உத்யோகமாக்கும். மகா கண்டிப்பு. நாலுன்னா நாலு. ஏழு எடம் தட்டிப் போயாச்சு உமக்கு. இதுவும் போச்சுன்னா என்னைத் தேடப்படாது."

அங்கே என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்பதையும் ஒப்பித்தார். வயது இருபத்தாறு, கப்பல் கம்பெனியில் ஆபீசர், பொடி புகையிலை அறியாத பையன். மூன்றும் பொய். நான் ஒரு திருத்தம்தான் சொன்னேன்: "ஆபீசர் அல்ல, அதிகாரி."

நீதிமன்ற வாசலில் ஒரு பலகை இருந்தது. குடை, பீடி, வெற்றிலை மூன்றும் உள்ளே கூடாது. காவலுக்கு நின்ற சிப்பந்தியிடம் கேமராவைக் காட்டி, "இது?" என்றேன்.

பலகையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தார். "அது போர்டில இல்லல்லோ. குடையை இங்ஙனே வெச்சிட்டு போய்க்கோ."

குடையை விட்டுவிட்டு, சட்டம் முழுவதும் என் பக்கம் இருக்கிறது என்ற நிம்மதியோடு உள்ளே போனேன்.

கிளி அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. ஒரு வக்கீல் கூண்டருகே குனிந்து "எடா கள்ளா, பறா, எடா கள்ளா" என்று சொல்லச்சொல்லிக் கெஞ்சினார். மற்றவர் மறுபுறம் நின்று "ராம, ராம" என்றார். இருவரும் படித்துப் பட்டம் பெற்றவர்கள். இறுதியில் மாஜிஸ்திரேட்டே பொறுமையிழந்து இறங்கிவந்து, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக் கூண்டுக்குள் உற்றுப்பார்த்தார். கிளியும் அவரை உற்றுப்பார்த்தது. மூக்குக்கு மூக்கு ஒரு சாண் இடைவெளி. அட்டைப்படம்! நான் பார்வையாளர் பெஞ்சின்மேல் ஏறிநின்று விசையை அழுத்தினேன்.

ஃபிளாஷ் பல்பு வெடித்த வேகத்தில் மண்டபமே ஒரு கணம் வெளுத்தது. கிளி சிறகடித்துக் கூண்டில் மோதி, மாஜிஸ்திரேட்டின் முகத்தைப் பார்த்து வீறிட்டது:

"எடா கள்ளா! கள்ளா! கள்ளா!"

கயிற்று வியாபாரி ஆனந்தக் கண்ணீரோடு என்னை நோக்கிக் கைகூப்பினார். அந்த மண்டபத்தில் அன்று என்னை மதித்தவர் அவர் ஒருவரே.

கிளியின்மீது நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. என்மீது இருந்தது.

"ஆரா அனுவாதம் தந்நது?" என்று மாஜிஸ்திரேட்டு கர்ஜித்தார். யார் அனுமதித்தது என்ற எளிய கேள்வி. நான் நிமிர்ந்து நின்று, "மாண்புமிகு நீதிபதி அவர்களே, புகைப்படக் கருவி விலக்கப்பட்டதாகப் பலகையில் எழுதப்படவில்லை" என்றேன். (அந்த வாக்கியத்தின் அமைப்பு எனக்கே மிகவும் பிடித்திருந்தது.)

"இயாளு எந்தா பறயுன்னது?" என்று நான் சொன்னது புரியாமல் அவர் திரும்பி வினவ, அதுவரை தலைநிமிராமல் எழுதிக்கொண்டிருந்த ஒல்லியான பெஞ்சு கிளார்க்கு, "போர்டில் எழுதியிட்டில்லா என்னு, சார்" என்று என் வாக்கியத்தை நாலு சொல்லில் முடித்தார்.

"ஆனயெக் கொண்டுவரருதென்னும் போர்டில் எழுதியிட்டில்லல்லோ!"

யானையைக் கொண்டுவரக்கூடாது என்றும் பலகையில் இல்லைதான். கேமராவுக்கு அனுமதி தருவது நீதிமன்றம், பலகையின் பெயிண்டு அல்ல என்றும், வெளிச்சம் அடித்தால் சாட்சி மிரண்டுபோவான், அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு என்றும் அவர் நெடுநேரம் விளக்கினார். மிரண்ட பிறகுதான் அன்றைய சாட்சி உண்மையைச் சொன்னது என்று சுட்டிக்காட்ட நினைத்தேன். வாழ்வில் நான் வாய்மூடி இருந்த சில நல்ல சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

"இவன் பிரதியோ சாட்சியோ என்னு பின்னே நோக்காம். ஆத்யம் சத்யம் செய்யிச்சு மொழி எழுதிக்கோ" என்று என் வாக்குமூலத்தைப் பதியக் கட்டளை பிறந்தது. குற்றவாளியா சாட்சியா என்பதே தெரியாத நிலையில், கடவுளை முன்னிறுத்திப் பிரமாணம் செய்தேன். பயத்தில் ஒருமுறைக்கு இருமுறையாகவே செய்தேன்.

கிளார்க்கு நான் தமிழன் என்று கண்டதால் தமிழிலேயே கேட்டார்.

"வயசு?"

இருபத்தாறு நாக்கு நுனிவரை வந்தது. பிரமாணம் அதைப் பிடித்து உள்ளே இழுத்தது. "முப்பது."

"ஜோலி?"

"தட்டச்சர்."

"டைப்பிஸ்டுன்னு சொல்லும் ஓய். பையில என்ன இருக்கு? எல்லாத்தையும் மேசைல வையும்."

கைக்குட்டை, படகுச் சீட்டு, மூக்குப்பொடி டப்பா, தரகர் செருகிய சீட்டு. கைப்பற்றிய பொருள்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லியபடியே அவர் எழுதினார். "பொடி டப்பா ஒண்ணு. சீட்டு ஒண்ணு." சீட்டைப் பிரித்துப் படிக்கலானார். "சேர்லாய், கொளத்துக்கு எதிர் வீடு. சாயங்காலம் நாலு மணி. பொண்ணோட அப்பா பேரு சுப்பராம..."

நிறுத்திவிட்டார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு தாம் எழுதிய தாளை முதல் வரியிலிருந்து மெல்லப் படித்தார். முப்பது. டைப்பிஸ்டு. பொடி டப்பா. அப்போதுதான் மாஜிஸ்திரேட்டு, "எந்தா சுப்பராமா, நிர்த்தியது?" என்று கேட்டார்.

தரை பிளக்கவில்லை. அரசாங்கக் கட்டடம், நல்ல சிமெண்டு.

"ஒண்ணுமில்லா, சார்," என்ற சுப்பராமன் பேனாவில் மை நிரப்பிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஜோலி ஸ்திரமோ, தற்காலிகமோ?"

"தற்காலிகம்."

"பொடி எத்தனை வருஷமா?"

"ஆறு."

"கண்ணுக்குக் கண்ணாடி எப்பவும் போடறதுண்டோ? ஃபோட்டோவுல..." சட்டெனத் திருத்திக்கொண்டார். "பொதுவாக் கேக்கறேன்."

"உண்டு. தரகரிடம் கொடுத்த படத்துக்கு மட்டும் கழற்றிவிட்டேன்."

"அதொக்கெ எந்தினா?" என்று காரணம் கேட்டு மாஜிஸ்திரேட்டு வியந்தார்.

"ரிக்கார்டு பூர்ணமாயிருக்கணும், சார்" என்றார் அந்தக் கடமை வீரர்.

தீர்ப்பு: படச்சுருள் எல்லாரும் பார்க்க வெளிச்சத்தில் உருவி எறியப்பட்டது. மாஜிஸ்திரேட்டும் கிளியும் சேர்ந்திருந்த உலகின் ஒரே படம் அத்துடன் அழிந்தது. நீதிமன்றம் கலையும்வரை நான் மூலையில் உட்காரவேண்டும். கடிகாரம் நான்கு அடித்தது. சேர்லாயில் எனக்காகக் காத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கவேண்டிய முக்கியமானவர் என்னால் வீட்டுக்குக் கிளம்ப முடியாமல் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். எட்டாவது இடமும் தட்டிப்போவதை நேரில் உட்கார்ந்து பார்த்தவன் கொச்சியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மணி ஐந்தேகாலுக்கு வெளியே வந்தபோது சுப்பராமன் வாசலில் நின்றிருந்தார். கையில் அவர் குடையும் என் குடையும்.

"வழி தெரியுமோ? நானும் அங்கேதான் போறேன்."

இருவரும் நடந்தோம். பாலம் தாண்டியதும் நானே ஆரம்பித்தேன். "தரகர் சொன்னவை..."

"கேட்டேன். ஒண்ணுகூடச் சத்யமில்லே." பத்தடி நடந்தார். "நீர் சொன்னது முச்சூடும் சத்யம். பயம் வந்தா உண்மை சொல்ற ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. பயமுறுத்தறதை என் பொண்ணு பாத்துப்பா. அதைப் பத்திக் கவலையில்லே."

அவர் மகள் ஜெயா அந்த நம்பிக்கையை இன்றுவரை பொய்யாக்கவில்லை. கொச்சியிலேயே மாப்பிள்ளையைப் பிரமாணத்தின்பேரில் விசாரித்துப் பெண் கொடுத்தவர் தம் தந்தை ஒருவரே என்பது அவளுக்குப் பெருமை. (பெண் வீணை வாசிப்பாள் என்று தரகர் எனக்குச் சொன்னதை விசாரிக்க மட்டும் எந்த நீதிமன்றமும் கிடைக்கவில்லை. வீட்டில் வீணை இருந்தது. அவ்வளவுதான்.) அலுவலகத்திலிருந்து நான் தாமதமாக வந்தால், "சத்தியம் பண்ணிட்டுக் காரணம் சொல்லுங்கோ" என்பாள்.

நீதிமன்றப் பலகையில் அடுத்த வாரமே நான்காவதாகக் கேமராவும் சேர்ந்தது. யானையைச் சேர்க்கவில்லை. என் மாமனாரோ எங்கள் கல்யாணத்துக்கே விதிகள் வகுத்துவிட்டார்: படம் எடுப்பவர் முன்கூட்டி அனுமதி பெறவேண்டும், முகூர்த்த வேளையில் ஃபிளாஷ் கூடாது, பெஞ்சின்மேல் ஏறக்கூடாது.

ஆகவே எங்கள் கல்யாணப் படங்களில் யாருடைய முகமும் தெளிவாக இல்லை. அதற்குப் பின் குடும்பத்தில் எடுத்த படங்களில் தெளிவு உண்டு, ஆனால் வேறொரு சிக்கல். விசையை அழுத்தும் கணத்தில் பெரியவர் முதல் குழந்தைவரை எல்லாரும் என்னைப் பார்த்து ஒரே குரலில் "எடா கள்ளா!" என்று கத்துவது வழக்கமாகிவிட்டது. எங்கள் ஆல்பத்தில் ஒருவர்கூட வாயை மூடியிருக்க மாட்டார். ஓரத்தில் நிற்கும் என் மாமனார் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பார். அனுமதி வாங்கியாயிற்றா என்று ஒவ்வொரு படத்திலும் அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.