கடைவீதி வழியாகப் பேருந்து வந்தது குறித்த விளக்கம்

மதிப்பிற்குரிய கால்பந்துக் கழகச் செயலாளர் அவர்களுக்கும், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் அக்கா கணவரான அத்தானுக்கும், கழகப் பேருந்தின் ஓட்டுநர் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் நலம் என்று தெரியும்; நேற்று உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து, முத்திரை குத்திய ஒரு கடிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை பேருந்தைக் கடைவீதி வழியாக ஏன் ஓட்டினேன், அதற்காக என்னை ஏன் நீக்கக் கூடாது என்று ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் விளக்க வேண்டுமாம். வாயால் கேட்டிருந்தால் மேஜையிலேயே சொல்லியிருப்பேன். பரவாயில்லை, எழுதுகிறேன்.

கமிட்டிக்குப் புதிதாக வந்தவர்களுக்காக முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். வெளியூரில் ஆடிவிட்டுத் திரும்பும்போது ஜெயித்தால் கடைவீதி வழியாக வர வேண்டும், தோற்றால் கிடங்குத் தெரு வழியாகப் பின்பக்கமாக வந்து சத்தமில்லாமல் இறக்கிவிட வேண்டும் என்பது எனக்கு முன்னாலேயே இருந்த ஏற்பாடு. நான் வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருஷம். பதினொரு வருஷமும் கிடங்குத் தெருதான். ஒரே ஒரு தடவை டிரா ஆகிவிட்டது. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் முக்கில் நாற்பது நிமிஷம் வண்டியை நிறுத்தி உங்களுக்குப் போன் செய்தோம். கடைவீதிக்குள் நுழைந்து, தபால் நிலையத்துக்கு முன்னாலேயே திரும்பிவிடும்படி நீங்கள்தான் தீர்ப்பு சொன்னீர்கள். ஊர்க்காரர்களும் போனில் முடிவைத் தேடிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுப் பல காலமாகிறது. பின்பக்கம் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், விஷயம் தெரிந்துவிடும்.

போன ஞாயிறு ஐந்துக்குப் பூஜ்யம். அதில் இரண்டு நம்முடைய ஆளே நம்முடைய வலைக்குள் அடித்தது. எப்போதும்போலப் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், நானும் ரேடியோ போடவில்லை. கிடங்குத் தெரு முனைக்கு வந்தால் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிக் குறுக்கே தகரத்தை வைத்திருக்கிறார்கள். இருட்டும்வரை ஊருக்கு வெளியிலேயே நிற்கலாம் என்றான் கேப்டன். நல்ல யோசனைதான், ஆனால் கோச்சுக்குச் சர்க்கரை வியாதி, ஏற்கெனவே ஒரு மணி நேரமாக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கடைவீதிப் பக்கம் ஒடித்துவிட்டேன். சாயங்காலம் ஐந்தரை மணி. முதலில் பார்த்தவர் தையல்காரர். கழுத்தில் டேப்போடு வெளியே ஓடிவந்து இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். அடுத்து பேக்கரிக்காரர். மருந்துக்கடை அம்மா யாருடைய சீட்டையோ கையில் பிடித்தபடியே ஷட்டரை இழுத்துவிட்டு வந்துவிட்டார். பயிற்சி முடித்து வந்துகொண்டிருந்த பள்ளிக்கூட பேண்டு, கேட்பானேன், அங்கேயே ஆரம்பித்துவிட்டது. பூவை எறிந்து எறிந்து முன்கண்ணாடியே தெரியவில்லை. அதற்குமேல் வண்டியை நகர்த்தினால் யார்மேலாவது ஏறியிருக்கும். ஐந்து கோல் விட்ட கோல்கீப்பரை ஜன்னல் வழியாக உருவி எடுத்துத் தோளில் தூக்கினார்கள். அவன் "விடுங்க, என்னை விடுங்க" என்று கெஞ்சினான். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று இன்னும் உயரத் தூக்கினார்கள். பேக்கரிக் கழிப்பறைக்குள் ஓடிய கோச் திரும்பி வரும்போது கையில் கேக்கோடு வந்தார்.

கேப்டன் என் பக்கத்தில் வந்து, "அண்ணே, இதை எப்படிச் சொல்றது?" என்று கேட்டான். வழி கேட்டால் சொல்வேன், இதெல்லாம் என் வேலை இல்லை என்றேன். அப்படியும் சொல்லிவிடலாம் என்றுதான் கதவைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் சலூனிலிருந்து பாதி முகத்தில் நுரையோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டீர்கள். வாயைத் திறக்க விட்டீர்களா? படியில் ஏறி நின்று பேச ஆரம்பித்துவிட்டீர்கள். இந்த அணியைக் கலைத்துவிடச் சொன்னவர்கள் இப்போது எங்கே மூஞ்சியை வைத்துக்கொள்வார்கள் என்று நீங்கள் கேட்டபோதுதான் மருந்துக்கடை அம்மா போனை எடுத்துப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பேண்டுக்கு மட்டும் தெரியாது, அது வாசித்துக்கொண்டே இருந்தது. தையல்காரர் அந்த அம்மாவிடம், "இன்னும் பத்து நிமிஷம் கழிச்சுப் பார்த்திருக்கக் கூடாதா?" என்று சண்டைக்குப் போனார். நான் வழி மாறி வந்ததில் உங்களுக்குக் கோபமில்லை, உங்களை அந்தப் பேச்சைப் பேசவைத்ததில்தான் கோபம் என்று அக்கா சொல்கிறாள்.

அத்தான், என் கட்சியைச் சொல்கிறேன். அன்றைக்கு யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அரை மணி நேரம் ஊர் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். என்னை வேலையிலிருந்து எடுக்காதீர்கள். வேறு வேலை கிடைக்காது என்பதற்காகக் கேட்கவில்லை. போன வருஷம் அடுத்த ஊர் அணிக்கு ஆள் வரவில்லை என்று ஒரு நாள் ஓட்டப் போனேன். ஜெயித்துவிட்டு வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார்கள். எனக்குத் தலைவலி வந்து இரண்டு மாத்திரை போட்டேன். நம் பையன்கள் தோற்றுவிட்டுத் தூங்கி வழிந்துகொண்டு வருவார்கள், நான் பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டுவேன். எனக்கு இந்த வண்டிதான் வேண்டும். இனி ஜெயிக்காமல் கடைவீதிப் பக்கம் திரும்ப மாட்டேன், இது சத்தியம்.

அக்காவுக்கு என் அன்பு. சின்னவள் பரீட்சையைத் தைரியமாக எழுதட்டும். உங்கள் ரத்த அழுத்தம் இறங்கி, குடும்பம் சகல சௌக்கியத்தோடும் இருக்க வேண்டும் என்று விரும்பும்,

கழக ஓட்டுநரும் தங்கள் மைத்துனனும்.

பி.கு.: இந்தக் கடிதத்தை உங்களிடம் கொடுக்காமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு இந்த ஞாயிறும் வண்டி ஓட்டப் போய்விட்டேன். இரண்டுக்கு ஒன்று, அத்தான். ஜெயித்துவிட்டோம். கோல்கீப்பர் கடைசி நிமிஷத்தில் ஒரு பெனால்டியைப் பிடித்தான். ஹாரனை அழுத்திக்கொண்டே கடைவீதிக்குள் வந்தேன். தையல்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மிஷினில் குனிந்துகொண்டார். கேப்டன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி ஜெயிச்சோம் ஜெயிச்சோம் என்று கத்தினான். "போன வாரமும்தானே தம்பி ஜெயிச்சீங்க" என்றார் பேக்கரிக்காரர். மூன்று தடவை சுற்றி வந்தேன். மூன்றாவது தடவை மருந்துக்கடை அம்மா வெளியே வந்து, கிடங்குத் தெரு திறந்துவிட்டது என்று எனக்குப் பரிவோடு வழி காட்டினார். பையன்கள் ஒவ்வொருவராக இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். ஊருக்கு வந்த ஒரே வெற்றியை நான்தான் கெடுத்தேன். வண்டிச் சாவியை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கிவிட்டதும் நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வந்தேன், நீங்கள் இல்லை. அக்காவிடம் ஜெயித்துவிட்டோம் என்று சொன்னேன். "சரிடா, முதல்ல சாப்பிடு" என்றாள். அத்தான், நீங்களாவது நம்புங்கள்.