பெண் குற்றவாளித் தட்டுப்பாடு

குன்னூர் வட்டாரத்தில் பெண் குற்றவாளிகளுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவுகிறது என்ற துயரச் செய்தியைப் பேராசிரியர் கமலேஷ் கோயமுத்தூரிலிருந்து வந்துதான் எங்களுக்குச் சொன்னார். ‘மலைப்பகுதிப் பெண்களும் குற்றமும்: பாலினப் பாத்திரங்கள் குறித்த ஓர் ஆய்வு’ என்பது தலைப்பு. நிதி வந்துவிட்டது, கருத்தரங்குக்கு மண்டபம் பிடித்தாயிற்று, முடிவுரைகூட எழுதியாயிற்று. குற்றம் செய்த ஒரு பெண்தான் பாக்கி.

“ஒரே ஒருத்தர் போதும் சார்!” என்று போலீஸ் ஸ்டேஷனில் கெஞ்சினார்.

எஸ்.ஐ. பிரசாத்துக்கே வெட்கமாகிவிட்டது. “ஆம்பளைங்க வேணுமுங்களா? எத்தனை வேணும்னாலும் தர்றேனுங்க.”

அந்த நேரம் பார்த்து, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அன்னக்கிளி உள்ளே வந்தாள். புருஷன் ரமேஷ்குமார் அவளுடைய குக்கரைத் தூக்கிக்கொண்டு போய், சுடலைமுத்துவின் பழைய பாத்திரக் கடையில் விற்றுக் குடித்துவிட்டானாம்.

“இந்த உசரத்துல குக்கர் இல்லாம பருப்பு வேகாது சார். புள்ளைக அரைவேக்காட்டத் தின்னுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கெடக்குதுக.”

“ஏனுங்க, புருசன் எடுத்தா திருட்டாகுமுங்களா? அது குடும்ப விவகாரமுங்க. ஊட்டுக்குப் போய்ச் சமாதானமா இருங்க.”

அன்னக்கிளி பேராசிரியரைப் பார்த்தாள். “சார், நீங்க பொம்பளைங்களுக்காக வந்தவருன்னாங்களே?”

“நீங்க பாதிக்கப்பட்டவங்கம்மா. அது வேற துறை” என்றார் அவர் கனிவோடு.

அவள் நேரே கடைக்குப் போய், குக்கரை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அடேயப்பா, என்ன வேகம்! அடுப்புப் பற்றவைப்பதற்குள் ஜீப் வந்து நின்றது. புருஷன் எடுத்தால் குடும்ப விவகாரம். பெண்டாட்டி எடுத்தால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. குக்கர் வழக்குச் சொத்தாயிற்று.

கமலேஷுக்கு ஆனந்தக் கண்ணீர். “வாழ்த்துகள்மா! இந்தக் குற்றத்துக்கு உங்களைத் தூண்டுனது ஆணாதிக்கமா, குளிரா?”

“பசி சார்.”

“அந்தக் கட்டம் இந்தப் படிவத்துல இல்லையே” என்று வருத்தப்பட்டார்.

கருத்தரங்கு ஜாம்ஜாமென்று நடந்தது. வர்த்தகர் சங்கச் செயலாளன் என்ற முறையில் எனக்கும் முன்வரிசை. மேலிடத்துச் சிறப்பு அனுமதியோடு குக்கர் மேடையேறியிருந்தது. அதற்குச் சாமந்தி மாலை. கீழே, ‘சமையலறையிலிருந்து விடுதலை’ என்று பலகை. பக்கத்து நாற்காலியில், ஜாமீனில் வந்த அன்னக்கிளி. பெண்களின் குரல் ஏன் ஒலிப்பதில்லை என்று ஐந்து ஆண்கள் பேசி முடித்தார்கள்.

அன்னக்கிளி எழுந்தாள். மாலையைக் கழற்றிப் பேராசிரியர் கழுத்தில் போட்டாள். குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “பேசிக்கிட்டிருங்க. எம் புள்ளைக பசியோட இருக்குதுக” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. என்ன துணிச்சல்! என்ன குறியீடு! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வாசலில் ஜீப் நின்றது. வழக்குச் சொத்தைத் திருடியதாக இரண்டாவது வழக்கு. “தொடர் குற்றவாளி!” என்று மாலையும் கழுத்துமாகத் துள்ளினார் கமலேஷ். அடுத்த ஆய்வுக்கும் வழி பிறந்துவிட்டது.

“கண்ணால பார்த்த சாட்சி வேணுமுங்க” என்றார் எஸ்.ஐ. கைதட்டிய நாங்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிடப் போனோம்.